வெக்கை எங்களுக்குப் பழக்கம்தானே எண்டு கல்ஃப்புக்கு வெளிக்கிடுற திருகோணமலை ஆக்களுக்கு

போன கிழமை பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருத்தன் கேற்றடியில வந்து நிண்டான். குவைத்துக்கு விசா வந்திட்டாம், ஜூலை கடைசியில பயணமாம், என்னென்ன கொண்டு போகணும் அண்ணை எண்டு கேட்டான். ஜூலையிலயா எண்டு கேட்டன். "ஏன் அண்ணை, வெக்கை எங்களுக்கு என்ன புதுசா, சித்திரை வெயிலுக்குள்ள உப்புவெளிக் கடக்கரையில பந்தடிக்கிற ஆக்கள்தானே" எண்டான். நான் முதல் தடவை வெளிக்கிடேக்க அம்மாட்ட சொன்னதும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதால அவனை இருத்தி வச்சு ரெண்டு மணித்தியாலம் கதைச்சன், கதைச்சு முடிஞ்சும் மனசு ஆறேல்ல, இவனை மாதிரி மூதூரில இருந்தும் கிண்ணியாவில இருந்தும் நிலாவெளியில இருந்தும் எத்தினை பேர் போய்க்கொண்டே இருக்காங்க எண்டு நினைச்சுத்தான் இதை எழுதுறன்.

நான் குவைத்தில ஏழு வருசம், துபாயில நாலு வருசம், ரெண்டு இடத்திலயும் ஏசி டெக்னீசியன். வெயிலுக்குள்ள ரூஃபிலயும் நிண்டிருக்கன், ஏசி பழுதாப்போன வீட்டுக்குள்ள சனம் படுற பாட்டையும் பாத்திருக்கன். காசு கிடைக்கும், அதில பொய் இல்ல, நான் இப்ப இருக்கிற வீடு அந்தக் காசில கட்டினதுதான். ஆனா பாலைவனத்து நகரத்தில இருக்கிறதில என்னென்ன கஷ்டம் இருக்கு எண்டு ஏஜென்சிக்காரரும் சொல்ல மாட்டார், மோலுக்கு முன்னால நிண்டு போட்டோ போடுற கூட்டாளியும் சொல்ல மாட்டான்.

முதல்ல அந்த வெக்கையை விளங்கிக்கொள்ளுங்க

எங்கட ஊர் வெக்கை எண்டா, வைகாசி ஆனியில கச்சான் காத்து தரையைத் தடவிக்கொண்டு வந்து மூஞ்சியில அடிக்கும், 36, 37 டிகிரிக்குப் போகும், சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டும். ஆனா பின்னேரம் டச்சுபே பக்கம் போய் ஒரு அரை மணித்தியாலம் இருந்தா கடக்காத்தில உடம்பு இறங்கிரும், இரவைக்கு ஃபேனைப் போட்டா நித்திரை வரும். பகல் முழுக்க வேர்த்து இரவில ஆறுற கணக்குக்குத்தான் எங்கட உடம்பு பழகி இருக்கு.

அங்க இரவும் ஆறாது. ஜூலை ஆகஸ்டில விடியப்பறம் மூண்டு மணிக்குக்கூட 30க்கு மேல நிக்கும், பகல் குடிச்ச சூட்டையெல்லாம் கொங்கிறீட்டும் தாரும் இரவு முழுக்க வெளியில விட்டுக்கொண்டே இருக்கும். பகல்ல 45, 48 எண்டது சாதாரணம், குவைத்தில 50க்கும் போகும். 2016 ஜூலை 21ந் தேதி குவைத்தில மித்ரிபா எண்ட இடத்தில 53.9 டிகிரி பதிவாகி, அதை உலக வானிலை நிறுவனமே சரிபாத்து ஏத்துக்கொண்டது. இந்தக் கணக்கெல்லாம் நிழலுக்குள்ள கருவியை வச்சு அளக்கிறது எண்டதை மறக்காதீங்க. ரூஃப் தகரத்திலயும் இரும்புக் கம்பியிலயும் வெயில் விழுந்து ஏறுற சூடு இதைவிட எவ்வளவோ கூட, கையுறை இல்லாம ஏணியைப் பிடிக்க ஏலாது.

இதில எங்கட ஆக்களை ஏமாத்திறது என்னெண்டா வேர்வை. இங்க வேர்க்கிறது கண்ணுக்குத் தெரியும், தெரிஞ்சா தண்ணி குடிப்பம். குவைத், ரியாத் மாதிரி காஞ்ச சூட்டில வேர்வை தோல்ல நிக்காது, வந்த உடன காஞ்சு போயிரும், நீங்க என்ன நினைப்பீங்க, எனக்குப் பெருசா வேர்க்கேல்லையே, நான் சமாளிச்சிருவன் எண்டு. பின்னேரம் சட்டையைக் கழட்டிப் பாத்தா முதுகில வெள்ளை வெள்ளையாக் கோடு விழுந்திருக்கும், உப்பு வயல் வரம்பு மாதிரி. உங்கட உடம்பில இருந்து போன உப்பு அது.

துபாய், தோஹா மாதிரி கடலோட ஒட்டின நகரங்கள்ல ஆகஸ்ட் வந்தா வேற மாதிரி. சூடு 40 சொச்சம்தான் எண்டுவாங்க, ஆனா காத்து முழுக்க ஈரம், ஏசிக்குள்ள இருந்து கதவைத் திறந்து வெளியில கால் வச்ச உடன கண்ணாடி போட்ட ஆக்களுக்குக் கண் தெரியாது, அப்பிடியே நீராவி பிடிச்சிரும். அங்க வேர்வை ஊத்தும் ஆனா காயாது, காயாட்டி உடம்பு குளிராது. என்னைக் கேட்டா காஞ்ச 48ஐ விட ஈரமான 42தான் கூடப் பயம். கடக்காத்து வருமே எண்டு கடக்கரைக்குப் போகாதீங்க, அந்த மாசத்தில கடல் தண்ணியே சுடுதண்ணியாத்தான் இருக்கும்.

போறதுக்கு முதல்

ஏலுமெண்டா ஜூன், ஜூலை, ஆகஸ்டில போய் இறங்காதீங்க. விசா, டிக்கட் எங்கட கையில இல்லத்தான், ஆனா ஒருக்கா கேட்டுப் பாக்கலாம், ரெண்டு மாசம் பிந்தி ஒக்டோபரில வரட்டா எண்டு கேட்டு ஓம் எண்டு சொன்ன கம்பனிகளும் இருக்கு. ஒக்டோபரில போனா குளிர் காலம் முழுக்க வேலையைப் பழகிட்டு சூட்டுக்குள்ள படிப்படியா இறங்குவீங்க.

பையில வைக்க வேண்டியது: ஜீவனி பக்கெட் ஒரு இருபது (வயித்தோட்டத்துக்குத் தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச் சீனித் தூள், பாமசியில கேட்டா தருவாங்க, ஒரு பக்கெட் ஒரு லீட்டர் தண்ணிக்கு, கரைச்சா 24 மணித்தியாலத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும், மிச்சத்தை ஊத்திருங்க), முழுக்கை பருத்திச் சட்டை வெளிர் நிறத்தில நாலு, ரெண்டு சாரம், மெல்லிய பருத்தித் துவாய் மூண்டு, வசலீன், குடிதண்ணிக்கு ரெண்டு லீட்டர் போத்தல் ஒண்டு. இதோட ஒரு நல்ல ஸ்வெட்டரும் கட்டாயம். சிரிப்பீங்க, ஆனா ஜனவரி மாசம் குவைத்திலயும் ரியாத்திலயும் இரவு 10 டிகிரிக்குக் கீழ போகும், நுவரெலியாவுக்கு ஒரு நாளும் போகாத எங்கட ஆக்களுக்கு அது நரம்புக்குள்ள இறங்குற குளிர், நான் முதல் குளிருக்கு நாலு சட்டையை ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனன்.

பிரசர் குளுசை, சலம் கூடப் போக வைக்கிற குளுசை, சுகர் குளுசை எடுக்கிற ஆக்கள் போக முதல் டொக்டரிட்ட "நான் பாலைவனத்துக்கு வேலைக்குப் போறன்" எண்டு சொல்லிக் கேளுங்க, சில மருந்து உடம்பில தண்ணியைக் குறைக்கும், அளவை மாத்த வேண்டி வரலாம். கொண்டு போற மருந்துக்கு டொக்டரின்ட துண்டு கையில இருக்கணும். ட்ரமடோல், கோடின் மாதிரி வலி மருந்தெல்லாம் அந்த நாடுகள்ல கட்டுப்பாடானது, துண்டு இல்லாம கொண்டு போய் எயார்போர்ட்டில மாட்டுப்படாதீங்க.

முதல் ரெண்டு கிழமை, இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது

புதுச் சூட்டுக்கு உடம்பு பழக ஒண்டுல இருந்து ரெண்டு கிழமை எடுக்கும். பழகின உடம்பு வேளைக்கே வேர்க்கத் தொடங்கும், கூட வேர்க்கும், வேர்வையில உப்பைக் குறைச்சு விடும். பழகாத உடம்புக்கு இது ஒண்டும் தெரியாது. சூட்டில வேலை செய்து செத்துப்போற ஆக்கள்ல கனபேர் வேலை தொடங்கின முதல் சில நாளிலதான் போறாங்க. அதனால புது ஆளுக்கு முதல் நாள் வெயில் வேலை அஞ்சில ஒரு பங்குதான், பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பங்காக் கூட்டணும் எண்டு தொழில் பாதுகாப்பு ஆக்கள் கணக்குச் சொல்றாங்க. லீவில ஊருக்கு வந்து ஒரு மாசம் நிண்டிட்டுப் போற பழைய ஆக்களும் புது ஆள் மாதிரித்தான், அந்தப் பழக்கம் விட்டுப்போயிரும், பத்து வருசம் இருந்தனான் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு முதல் நாளே ரூஃபில ஏறாதீங்க.

எனக்கு நடந்ததைச் சொல்றன். நான் போன கம்பனியில இந்தக் கணக்கு ஒண்டும் இல்ல. நாலாவது நாள், நேரம் பத்தரை இருக்கும், அஞ்சு மாடி ரூஃபில பெரிய ஏசி ஒண்டின்ட வெளி யூனிட்டைக் கழட்டிக்கொண்டு நிண்டம். அந்த யூனிட்டுகள் வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டைத்தானே வெளியில ஊதுறது, அப்ப மேல வெயில், பக்கத்தில இருபது யூனிட் ஊதுற அனல், காலுக்குக் கீழ சிமெந்து. காலமை அஞ்சு மணிக்கு சலம் போனதுக்குப் பிறகு ஒருக்காவும் போகேல்ல, அதை நான் யோசிக்கவும் இல்ல. தலை இடிச்சது, பிறகு கெண்டைக்கால் பிடிச்சு இழுத்தது, பிறகு ஒரு மாதிரிக் குளிர்ந்து கை மயிர் எல்லாம் சிலுத்துக்கொண்டு நிண்டது, நான் நினைச்சன் காத்து வருது எண்டு. என்னோட வேலை செய்த கிண்ணியா நானா ஒராள் பிறகு சொன்னதுதான் மிச்சக் கதை, நான் கையில ஸ்பெனரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு "நானா, ஸ்பெனர் எங்க" எண்டு அவரிட்ட கேட்டனாம். அவர் வேற ஒண்டும் கதைக்கேல்ல, கக்கத்துக்குள்ள கையைக் குடுத்து என்னைப் படிக்கட்டு நிழலுக்கு இழுத்துக்கொண்டு போய், பூட்ஸைக் கழட்டி, சட்டையைக் கிழிச்சு, குடிக்க வச்சிருந்த தண்ணி முழுக்க என்ட தலையிலயும் நெஞ்சிலயும் ஊத்தி, ஏசி வந்த கார்ட்போர்ட் மட்டையால விடாம விசிறினார். அந்த மட்டைச் சத்தம்தான் எனக்கு முதல்ல கேட்டது. நான் இண்டைக்கு இருந்து எழுதுறது அந்த மனிசன்ட கையாலதான்.

அதால இதைப் பாடமாக்கி வச்சுக்கொள்ளுங்க. தலையிடி, தலைசுத்து, சத்தி வாற மாதிரி இருக்கிறது, கால் பிடிச்சு இழுக்கிறது, களைப்பு, இவ்வளவும் வந்தா வேலையை விட்டிட்டு நிழலுக்குப் போய் ஜீவனித் தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கணும், ஃபோர்மன் ஏசட்டும். ஆனா ஆள் மாறிக் கதைக்கிறான், பேர் கேட்டா யோசிக்கிறான், தள்ளாடுறான், மயங்கிறான் எண்டா அது வேற, உடம்புச் சூடு 40ஐத் தாண்டி மூளையைப் பிடிச்சிட்டு எண்டு அர்த்தம், வேர்வை இருக்கா இல்லையா எண்டு பாத்துக்கொண்டு நிக்காதீங்க, வேர்வையோடயும் அது வரும். உடன அம்புலன்சுக்கு அடிக்கணும், குவைத்தில 112, சவூதியில 997, எமிரேட்ஸில 998, கட்டார்ல 999. அம்புலன்ஸ் வரும்வரைக்கும் சும்மா இருக்கக் கூடாது, உடுப்பைக் கழட்டி, கிடைக்கிற தண்ணியை ஊத்தி, விசிறி, ஐஸ் கிடைச்சா கழுத்து, கக்கம், தொடை இடுக்கு மூண்டு இடத்திலயும் வையுங்க. நினைவு தெளிவில்லாத ஆளின்ட வாய்க்குள்ள தண்ணி ஊத்தாதீங்க, புரையேறிரும். பனடோல் குடுக்கிறதால பிரயோசனம் இல்ல, இது காய்ச்சல் இல்ல. நீங்களும் உங்கட பக்கத்தில வேலை செய்ற ஆளும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொள்ற மாதிரிச் சோடி சேருங்க, ஏனெண்டா மாறிக் கதைக்கிறவனுக்குத் தான் மாறிக் கதைக்கிறது தெரியாது.

தண்ணி

தாகம் வந்தாக் குடிப்பம் எண்டிருந்தா பிந்திரும். வெயில் வேலை எண்டா இருபது நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு கப், 200, 250 மில்லி. ஒரே மூச்சில ரெண்டு போத்தலைக் கவுக்கிறதும் பிழை, ஒரு மணித்தியாலத்துக்கு ஒண்டரை லீட்டருக்கு மேல போகக்கூடாது, வெறும் தண்ணியை அளவுக்கு மேல குடிச்சா ரத்தத்தில உப்புக் குறைஞ்சு அதாலயும் ஆள் விழும். சாப்பாட்டை விடாதீங்க, உப்புச் சாப்பாட்டோடதான் போகணும். அங்க பக்காலா எண்ட சின்னக் கடையில லபான் எண்டு விக்கிறது எங்கட மோர் மாதிரித்தான், மத்தியானச் சாப்பாட்டோட அது ஒண்டு எடுத்தா நல்லம், தேசிக்காய்த் தண்ணிக்கு உப்பு ஒரு சிட்டிகை போட்டும் குடிக்கலாம். எனர்ஜி ட்ரிங்கை மட்டும் கையில எடுக்காதீங்க, கேம்ப்பில எல்லாரும் குடிக்கிறாங்க எண்டு நீங்களும் பழகாதீங்க, வெக்கைக்குள்ள நெஞ்சு படபடக்க வைக்கிற சாமானை உள்ள அனுப்பிறது நல்லதில்ல.

அளவுகோல் சலத்தின்ட நிறம்தான். வைக்கோல் நிறத்தில இருந்தா சரி, பிளேன்டீ நிறத்துக்கு வந்தா நீங்க பிந்திட்டீங்க. அங்க போற ஆக்களுக்கு சலக்கல்லு வாறது கூட, எங்கட ரூமில மட்டும் மூண்டு பேருக்கு வந்தது. நேபாளத்தில இருந்து கல்ஃப்புக்குப் போன இளம் பொடியன்மார் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்குப் போறது பெரிய பிரச்சினையா வெளியில வந்திருக்கு. எங்கட பக்கத்து அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் கிட்னி வருத்தம் என்ன பாடு படுத்துது எண்டு தெரிஞ்ச ஆக்கள் நாங்க, அதால இதில கவனமில்லாம இருக்க எங்களுக்குச் சாட்டே இல்ல.

சட்டம் உங்கட பக்கம் இருக்கிற நேரம்

இது தெரியாம எத்தினை பேர் வெயிலுக்குள்ள நிக்கிறாங்க. கோடையில மத்தியான நேரம் வெளி வேலை செய்ய வைக்கிறது இந்த நாடுகள்ல தடை. குவைத்தில ஜூன் 1 தொடங்கி ஆகஸ்ட் 31 வரை பகல் 11 மணியில இருந்து 4 மணி வரைக்கும். எமிரேட்ஸில ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 15 வரை, பன்னிரண்டரையில இருந்து மூண்டு மணி வரைக்கும். சவூதியிலயும் அதே மூண்டு மாசம், நேரம் 12 தொடங்கி 3. கட்டார்ல ஜூன் 1ல இருந்து செப்டம்பர் 15 வரை, காலமை பத்தில இருந்து பின்னேரம் மூண்டரை, அங்க 2021ல வந்த சட்டத்தில இன்னொண்டும் இருக்கு, சூடு, ஈரம், வெயில், காத்து நாலையும் சேத்துப் பாக்கிற ஒரு அளவு 32.1ஐத் தாண்டினா எந்த நேரமா இருந்தாலும் வேலையை நிப்பாட்டணும். சட்டம் இருக்கிறதும் சைட்டில நடக்கிறதும் எப்பவும் ஒண்டில்லத்தான், ஆனா நேரத்தை இலக்கமாத் தெரிஞ்சு வச்சிருக்கிறவன் கேக்கிற கேள்விக்கு ஃபோர்மன் கொஞ்சம் யோசிப்பான். ஒண்டும் சரிவராட்டி எங்கட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ட 1989 இலக்கத்துக்கு வீட்டு ஆக்கள் இங்க இருந்து எடுத்து முறைப்பாடு குடுக்கலாம், அதுக்குப் போக முதல் பணியகத்தில பதிஞ்சிட்டுப் போயிருக்கணும்.

ரூமும் ஏசியும், இது என்ட தொழில் கதை

ரூம் தேடுற ஆக்கள் வாடகையை மட்டும் பாக்காதீங்க. கடைசி மாடி ரூம் மலிவா வரும், எடுக்காதீங்க, மேல இருக்கிற சிலாப் இரவு பதினொரு மணிக்கும் அடுப்பு மாதிரி இருக்கும். மேற்குப் பக்கச் சுவரில கட்டில் போடுற மாதிரி ரூமும் வேண்டாம், பின்னேர வெயில் முழுக்க அந்தச் சுவருக்குள்ள இறங்கும். ரூமைப் பாக்கப் போகேக்க பின்னேரம் நாலு மணிக்குப் போங்க, சுவரில உள்ளங்கையை வச்சுப் பாருங்க.

ஏசியை 18ல வச்சா கெதியாக் குளிரும் எண்டு எல்லாரும் நினைக்கிறாங்க, குளிராது, அது ஒரே வேகத்திலதான் குளிராக்கும், 18க்குப் போய்ச் சேர ஏலாம இரவு முழுக்க ஓடிக்கொண்டு கிடக்கும். 24ல விட்டிட்டு ஃபேனையும் போடுங்க. அதோட 18ல கிடந்து எழும்பி 45க்குள்ள போற உடம்பு ஒரு நாளும் பழகாது. ஃபில்டரை ரெண்டு கிழமைக்கு ஒருக்காக் கழட்டிக் கழுவுங்க, தூசுக்காத்து அடிச்சா அடுத்த நாளே, நான் போன கம்ப்ளெயின்டில பாதி "ஏசி குளிரேல்ல" எண்டு கூப்பிட்டு ஃபில்டரில கம்பளி மாதிரித் தூசு படிஞ்சிருந்த வீடுகள்தான். புதுசா ஏசி வாங்கிற ஆக்கள் டி3 எண்ட வகையா எண்டு கேளுங்க, அது 46 டிகிரியில சோதிச்சது, எங்கட ஊர்களில வாற சாதாரண டி1 வகை 35 டிகிரிக்கு அளந்தது, அங்க மத்தியானம் அது மூச்சு வாங்கும். ஏசி நிண்டு போச்செண்டா, ரூம் சூடு 40ஐத் தாண்டினதுக்குப் பிறகு ஃபேனை நம்பாதீங்க, அது சூட்டுக் காத்தைத்தான் மேல அடிக்கும், துவாயை நனைச்சுப் போத்திக்கொண்டு ஏசி இருக்கிற வேற இடத்துக்குப் போங்க. துபாயில குடும்பத்தோட வீடு எடுக்கிற ஆக்கள் ஒப்பந்தம் போட முதல் "சில்லர் ஃப்ரீயா", அதாவது ஏசிக் குளிராக்கிற செலவு வாடகைக்குள்ள அடங்குதா எண்டு ஒரு கேள்வி கேளுங்க, இல்லாட்டி கரண்ட் பில்லுக்கு மேல குளிராக்கிற பில் ஒண்டு தனியா வந்து கையைக் கடிக்கும்.

இன்னொண்டு, பைப் தண்ணி. கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணி 40 டிகிரிக்குக் கிட்ட வரும், ஏழு கிணத்திலயும் ஆசையா அள்ளி ஊத்திக் குளிப்பம். அங்க ஜூலையில பச்சைத்தண்ணிப் பைப்பைத் திறந்தா அதைவிடச் சூடா வரும், ஏனெண்டா டாங்கி ரூஃபில வெயிலுக்குள்ள கிடக்கு, கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்கி அனுப்பிறதும் சூட்டுக் குழாயாலதான் வருது. ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி முதுகு சிவந்த ஆக்களும் இருக்கு. இதுக்கு அங்க பழகின ஆக்கள் செய்ற வழி என்னெண்டா, பாத்ரூமுக்குள்ள இருக்கிற ஹீற்றரை மே மாசமே ஓஃப் பண்ணிருங்க, அது வீட்டுக்குள்ள ஏசிக் குளிருக்குள்ள இருக்கிற டாங்கிதானே, அதுக்குள்ள நிக்கிற தண்ணி ஆறிப்போய் இருக்கும், பிறகு குளிக்கிறதுக்கு சுடுதண்ணிப் பைப்பைத் திறந்தா குளிர்ந்த தண்ணி வரும். வேலையால வந்து கனக்கப் பேர் குளிக்கிற ரூம் எண்டா பெரிய வாளியில காலமையே பிடிச்சு வச்சிருங்க.

தூசு, மழை, வாகனம்

தூசுக்காத்து வாறது தூரத்தில பழுப்புச் சுவர் மாதிரித் தெரியும், அஞ்சு நிமிசத்தில நடுப்பகல் மங்கலாயிரும். குவைத்தில பங்குனி தொடக்கம் கூட, 2022 மே மாசத்தில எயார்போர்ட்டே பறப்பை நிப்பாட்டுற அளவுக்கு அடிச்சது. ஜன்னல் விளிம்பில ஈரத்துவாயை வையுங்க, மாஸ்க் போடுங்க, இழுப்பு இருக்கிற ஆக்கள் இன்ஹேலர் இல்லாம வெளிக்கிடாதீங்க, வெளிக்கிட்டா அதைக் காருக்குள்ள விட்டிட்டுப் போகாதீங்க.

மழையே இல்லையே எண்டு நினைப்பீங்க, எங்கட ஊருக்கு வருசத்தில 1,500 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும், குவைத்துக்கு 100 சொச்சம்தான். அதாலதான் பெய்ஞ்சா ஆபத்து, வடிகால் அதுக்கு ஏத்த மாதிரி இல்ல. 2024 ஏப்ரல் 16ந் தேதி எமிரேட்ஸில ஒரு இடத்தில 24 மணித்தியாலத்துக்குள்ள 254.8 மில்லிமீட்டர் கொட்டினது, 1949ல கணக்கு எடுக்கத் தொடங்கினதுக்குப் பிறகு அப்பிடி ஒரு மழை இல்ல, காரெல்லாம் றோட்டிலயே மிதந்தது. கீழ்ப்பாலத்துக்குள்ளயும் வாடி எண்டு சொல்ற காஞ்ச ஆத்துப் பள்ளத்துக்குள்ளயும் வாகனத்தை இறக்காதீங்க.

கார் வாங்கினா டயரைத் திரும்பிப் பாருங்க, பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும், 3522 எண்டா 2022ம் ஆண்டு 35ம் கிழமை செய்தது, பழைய டயர் அந்த றோட்டுச் சூட்டில வெடிக்கும். லைட்டர், ஸ்ப்ரே, பவர்பேங்க் உள்ள வைக்காதீங்க. பிள்ளையை ஒரு நிமிசம்கூட காருக்குள்ள விட்டிட்டுப் போகாதீங்க, கடைக்குள்ள ஓடிட்டு வாறன் எண்டு சொல்ற நிமிசம்தான்.

வீட்டு வேலைக்குப் போற அக்காமார், தங்கச்சிமாருக்கு

உங்களுக்கு வெயில் இல்லையே எண்டு யாரும் சொன்னா நம்பாதீங்க. ஏசி ஹோலுக்குத்தான் இருக்கும், குசினிக்கு எல்லா வீட்டிலயும் இருக்காது, உடுப்புக் காயப்போடுறது ரூஃபில, மத்தியானம். நான் ஏசி பாக்கப் போன ஒரு வீட்டில எங்கட பக்கத்துப் பிள்ளை ஒண்டு குசினியில அடுப்படியில நிண்டுது, மூஞ்சி முழுக்கச் செக்கச் செவேலெண்டு வேர்க்குரு, தமிழ்ல மெதுவா "அண்ணை, தண்ணி கேட்டா ஏசுவாங்களோ எண்டு பயமா இருக்கு" எண்டுது. கேளுங்க. வெக்கப்படாம கேளுங்க, போன முதல் நாளே உங்களுக்கெண்டு ஒரு போத்தலை எடுத்து வச்சுக்கொள்ளுங்க, உடுப்புக் காயப்போடுறதை விடியவோ பொழுதுபட்டதுக்குப் பிறகோ வச்சுக்கொள்ளுறன் எண்டு வீட்டுக்கார அம்மாட்ட கேளுங்க, கனபேர் ஓம் எண்டுவாங்க. குவைத்தில 2015ம் ஆண்டின் 68ம் இலக்கச் சட்டத்தில வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல இல்ல, கிழமைக்கு ஒரு நாள் லீவு எண்டு எழுதி இருக்கு. 1989 இலக்கத்தை வீட்டு ஆக்களின்ட சுவரில எழுதி வச்சிட்டுப் போங்க.

வெளியில இறங்க ஏலாத நாலு மாசம்

வெக்கையை விடப் பெரிய குறை எனக்கு இதுதான். எங்கட ஊரில பின்னேரம் எண்டா வெளி, கோணேசர் கோயில் மலையடிக்குப் போவம், மான் நிக்கும், கடக்கரையில கச்சான் வாங்கிக் கொறிச்சுக்கொண்டு ஆரோ தெரிஞ்ச ஆளோட கதைச்சிட்டு வருவம். அங்க ஜூனில இருந்து செப்டம்பர் வரைக்கும் ரூம், வாகனம், வேலை, மோல், திரும்ப ரூம். ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி இருக்கும், பகலா இரவா எண்டு ஃபோனைப் பாத்துத்தான் தெரியும். நித்திரை குழம்பும், ஆள் சிடுசிடுப்பா மாறும், காரணம் இல்லாம ரூமுக்குள்ள சண்டை வரும். வெயில் கொளுத்துற நாட்டில வைட்டமின் டி குறைஞ்சு எலும்பு நோகுது எண்டு டொக்டரிட்ட போற ஆக்கள் கனக்க, ஏனெண்டா வெயில் உடம்பில படுறதே இல்ல.

நான் என்ன செய்தனான் எண்டா, வெள்ளிக்கிழமை விடிய அஞ்சு மணிக்கு எழும்பி அரை மணித்தியாலம் நடந்தன், சூடுதான், ஆனா வானம் தெரியும். குடும்பத்தோட இருக்கிற ஆக்கள் பிள்ளையளை மோலுக்குள்ள நடக்கக் கூட்டிக்கொண்டு போங்க, ஒண்டும் வாங்கத் தேவையில்ல. நவம்பரில இருந்து பங்குனி வரைக்கும் அருமையான காலநிலை, அந்த மாசங்களை நித்திரையில விட்டிராதீங்க, வெளியில என்ன செய்யணுமோ அதுக்குள்ள செய்யுங்க. வீட்டுக்கு எடுக்கேக்க "நல்லா இருக்கன்" எண்டு மட்டும் சொல்லாதீங்க, ஒராளுக்காவது உள்ளதைச் சொல்லுங்க, நான் மூண்டு வருசம் அம்மாட்ட ஒண்டும் சொல்லாம வச்சிருந்து, லீவில வந்த அண்டைக்கு பஸ் ஹபரணை தாண்ட அழத்தொடங்கி சீனன்குடா வரைக்கும் அழுதுகொண்டு வந்தன்.

ஊருக்கு வந்தா முதல் கிழமையில ரத்தத்தில கிரியேட்டினினும் சலத்தில புரதமும் பாருங்க, வருசத்துக்கு ஒருக்கா போதும், பெரிய செலவில்ல.

பக்கத்து வீட்டுப் பொடியன் நேற்றுத் திரும்ப வந்தான். கம்பனிக்கு எழுதிக் கேட்டானாம், செப்டம்பர் கடைசிக்கு மாத்தித் தந்திருக்காங்களாம். ஜீவனி வாங்கிட்டான், போத்தலும் வாங்கிட்டான். ஸ்வெட்டர் வாங்க வேண்டாம் எண்டு சொல்லிட்டன், என்டது அலுமாரியில இருக்கு, கழுவிக் காயப்போட்டிருக்கன், நாளைக்குக் குடுக்கணும்.